போன் பெட்டியில் பொடி எழுத்தில் என்ன இருக்கு? குமாரபாளையத்தில் பழைய போன் வாங்குறவங்களும் கவனிக்க வேண்டியவை

புது போன் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பெட்டியைப் பிரிப்பது, சிம் போடுவது, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பட்டனை நாலு தடவை அழுத்துவது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை யாரும் பிரிப்பதே இல்லை. பெட்டியும் கொஞ்ச நாளில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது.

ஆனால் போன் திருடு போனாலும், வாரண்டியில் தகராறு வந்தாலும், பழைய போன் வாங்கி போலீஸ் விசாரணையில் மாட்டினாலும் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் பெட்டியும் அந்த எழுத்துகளும்தான்.

விசைத்தறியும் காலேஜும் நிறைந்த ஊர் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம். வாரச் சம்பளத்தில் காசு சேர்த்து போன் வாங்குகிற தறித் தொழிலாளர்கள், கைக்கு அடக்கமான விலையில் செகண்ட் ஹேண்ட் தேடுகிற மாணவர்கள் என இருதரப்புக்குமே ஒரு போன் என்பது பெரிய செலவு. அந்தக் காசு வீணாகாமல் இருக்க, போனில் உள்ள சட்ட அறிவிப்புகள் என்ன சொல்கின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த அறிவிப்புகள் எங்கே இருக்கும்?

மூன்று இடங்களில் இருக்கும். முதலாவது, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள். இரண்டாவது, பெட்டிக்குள் இருக்கும் சிறு புத்தகம் அல்லது மடித்த தாள். மூன்றாவது, போனுக்குள்ளேயே. செட்டிங்ஸ் போய் 'அபவுட் போன்' பகுதியைத் திறந்தால், 'லீகல்', 'ரெகுலேட்டரி', 'சேஃப்டி' போன்ற பெயர்களில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும்.

ஐ.எம்.இ.ஐ: 15 இலக்கத்தில் போனின் ஜாதகம்

எல்லா அறிவிப்பிலும் முக்கியமானது இதுதான். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்கம் கொண்ட தனி எண் உண்டு. முதல் 8 இலக்கம் எந்த கம்பெனி, எந்த மாடல் என்பதைச் சொல்லும். அடுத்த 6 இலக்கம் அந்த ஒரு போனுக்கான வரிசை எண். கடைசி இலக்கம், மற்ற எண்கள் சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கானது. இரண்டு சிம் போடும் போனில் இரண்டு ஐ.எம்.இ.ஐ இருக்கும்.

போனில் *#06# என்று டயல் செய்தால் எண் திரையில் வரும். அதே எண் பெட்டியில் இருக்க வேண்டும். பில்லிலும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒத்துப்போனால் பாதி கவலை தீர்ந்தது.

ஏன் இவ்வளவு முக்கியம்? சிம் கார்டை மாற்றினாலும் ஐ.எம்.இ.ஐ மாறாது. போன் டவரோடு பேசும்போது இந்த எண்ணும் பதிவாகும். திருட்டு போனைக் கண்டுபிடிப்பதும், குற்றத்துக்குப் பயன்பட்ட போன் எது என்று போலீஸ் தேடுவதும் இதை வைத்துத்தான்.

ஒரு காலத்தில் ஐ.எம்.இ.ஐ-யே இல்லாத போன்களும், எல்லாமே பூஜ்யமாக இருக்கும் போன்களும் நாடு முழுக்க மலிவு விலையில் விற்றன. பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி, 2009 நவம்பர் 30-ம் தேதியோடு அப்படிப்பட்ட போன்களுக்கு இணைப்பைத் துண்டிக்க மத்திய அரசு உத்தரவிட்டது. காசு கொடுத்து வாங்கிய போன் ஒரே ராத்திரியில் செத்துப்போகும் நிலை பலருக்கு வந்தது.

அதோடு பிரச்சினை முடியவில்லை. 2020 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் மீரட் போலீஸ் ஒரு வழக்குப் போட்டது. 13,500-க்கும் மேற்பட்ட போன்கள் ஒரே ஐ.எம்.இ.ஐ எண்ணில் இயங்கியது விசாரணையில் தெரிந்ததாக போலீஸ் கூறியது. அந்த எண்ணில் யாராவது ஒருவர் குற்றம் செய்தால், எந்த போன், யார் கையில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் சிக்கல்.

எண்ணை மாற்றினால் என்ன தண்டனை?

2017-ல் வந்த விதிகளின்படியே ஐ.எம்.இ.ஐ-யை வேண்டுமென்றே மாற்றுவதும் அழிப்பதும் குற்றம். 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் இதை இன்னும் கடுமையாக்கியது. இந்த அடையாள எண்ணைத் திருத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். திருத்தியவருக்கு மட்டும் இல்லை. திருத்தப்பட்ட எண் என்று தெரிந்தே அந்த போனை வைத்திருப்பவருக்கும் இதே தண்டனைதான்.

இங்கே 'தெரிந்தே' என்ற வார்த்தை முக்கியம். தெரியாமல் வாங்கியவரைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கம் இல்லை. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்பதைக் காட்ட கையில் ஏதாவது வேண்டும். பில் இல்லை, பெட்டி இல்லை, விற்றவர் யார் என்றும் தெரியாது, மார்க்கெட் விலையில் பாதிக்கும் கீழே வாங்கினேன் என்றால் விசாரணையில் பதில் சொல்வது கஷ்டம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு.

பழைய போன் வாங்கும் முன் ரெண்டு நிமிஷ சோதனை

வாங்கப்போகும் போனில் *#06# போட்டு எண்ணை எடுங்கள். பிறகு மெசேஜில் கே, ஒய், எம் என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துகளை டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 14422 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். அந்த எண்ணுக்குரிய போன் எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் ஆப்பிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

பதிலில் 'பிளாக் லிஸ்ட்', 'டூப்ளிகேட்', 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தால் அந்த போனை வாங்கவே கூடாது. கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறு மாடல் என்றாலும் அதே முடிவுதான்.

இந்தச் சோதனை இனி வாங்குபவரின் பொறுப்பு மட்டும் இல்லை. 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட டெலிகாம் சைபர் பாதுகாப்பு விதிகள், பழைய போன் வாங்கி விற்பவர்கள் மத்திய அரசின் தரவுத்தளத்தில் ஐ.எம்.இ.ஐ-யைச் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. அதனால் கடைக்காரரிடம் 'செக் பண்ணிட்டீங்களா அண்ணா?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

தவணை பாக்கி உள்ள போனா என்பதையும் கேட்டுவிடுங்கள். பாக்கி கட்டாவிட்டால் போனைப் பூட்டும் மென்பொருளுடன் சில போன்கள் தவணையில் விற்கப்படுகின்றன. முதல் ஆள் தவணையை நிறுத்தினால், போன் பூட்டிக்கொள்வது உங்கள் கையில்.

சஞ்சார் சாத்தி ஆப் கட்டாயமா?

இல்லை. எல்லா புது போன்களிலும் இந்த ஆப்பை முன்கூட்டியே போட்டு விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28-ம் தேதி கம்பெனிகளுக்கு உத்தரவு போனது. தனிப்பட்ட தகவல்களைக் கண்காணிக்க வழிவகுக்கும் என்று எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 3-ம் தேதி அரசு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஆப் வேண்டாம் என்றால் எஸ்.எம்.எஸ் அல்லது இணையதளம் வழியாகவே சோதிக்கலாம்.

போன் தொலைஞ்சா என்ன செய்யணும்?

முதலில் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதன் நகலை வாங்குங்கள். தொலைந்த நம்பருக்கே டூப்ளிகேட் சிம் எடுங்கள். பிறகு சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ எண், புகார் நகல், வாங்கிய பில், அடையாள அட்டை ஆகியவற்றைப் பதிவேற்றினால், அந்த போன் நாட்டின் எல்லா நெட்வொர்க்கிலும் முடக்கப்படும். வேறு சிம் போட்டாலும் வேலை செய்யாது. போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கலாம்.

இந்த வசதி 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் உள்ளது. ஆனால் ஐ.எம்.இ.ஐ எண் தெரியாமல் எதுவும் நடக்காது. போன் தொலைந்த பிறகு *#06# போட முடியாது. அதனால் இன்றைக்கே எண்ணை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெட்டி லேபிளை போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி வைப்பது அதைவிட நல்லது.

எம்.ஆர்.பி மேல ஜி.எஸ்.டி தனியா?

பெட்டி லேபிளில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் செய்ய வேண்டிய தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். இது 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதி. இறக்குமதிப் பொருள் என்றால் எந்த நாட்டில் தயாரானது என்பதும் வேண்டும்.

எம்.ஆர்.பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. போனுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி அதற்குள்ளேயே அடங்கிவிடும். 'பில் போட்டா வரி தனி' என்று சொல்லி எம்.ஆர்.பி-யைத் தாண்டி வசூலிப்பது சட்டப்படி தவறு. அதே போல எம்.ஆர்.பி-யை மறைத்து கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டவும் கூடாது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலை தெரியும்படி.

தமிழ்நாட்டில் இந்த எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. புகார் அங்கேதான் போக வேண்டும்.

வெளிநாட்டு போனில் இந்திய இறக்குமதியாளர் முகவரியே இல்லை என்றால் உஷாராக இருங்கள். முறையான வழியில் வராத போனாக இருக்கலாம். விலை குறைவுதான், ஆனால் இங்கே வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

'ஆர்' என்று தொடங்கும் எண் எதற்கு?

போன், சார்ஜர், பவர் பேங்க் மூன்றுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் கட்டாயப் பதிவு உண்டு. பதிவான பொருளில் அந்த அமைப்பின் முத்திரையும், ஆர் என்ற இங்கிலீஷ் எழுத்தைத் தொடர்ந்து 8 இலக்க எண்ணும் இருக்கும். 'பிஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால், எந்த தொழிற்சாலைக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த பதிவு என்று தெரிந்துவிடும்.

போனில் இதைப் பார்க்காதவர்கள்கூட சார்ஜரில் கட்டாயம் பார்க்க வேண்டும். மெயின் கரண்டில் நேரடியாகச் சொருகுவது சார்ஜரைத்தான். எண்ணே இல்லாத சார்ஜரை ராத்திரி முழுக்க தலைமாட்டில் சொருகி வைப்பது ஆபத்து.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2016-ல் அறிவிக்கப்பட்ட ஒரு விதிப்படி, இந்தியாவில் விற்கும் போன்கள் 22 அட்டவணை மொழிகளிலும் எழுத்தைத் திரையில் காட்ட வேண்டும். சாதாரண பட்டன் போனில் தமிழ் மெசேஜ் கட்டம் கட்டமாக வராமல் எழுத்தாக வருவதற்கு இந்த விதிதான் உத்தரவாதம்.

எஸ்.ஏ.ஆர்: கதிர்வீச்சு பற்றிய எண்

போன் பேசும்போது வெளியாகும் ரேடியோ அலையில் எவ்வளவு சக்தியை உடல் உள்வாங்குகிறது என்பதன் அளவு இது. *#07# டயல் செய்தால் பல போன்களில் திரையிலேயே வரும். இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். 1 கிராம் திசுவுக்கான சராசரியாக இது கணக்கிடப்படுகிறது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்த வரம்பு அமலில் உள்ளது. அதற்கு முன்பு 10 கிராம் திசுவுக்கான சராசரியில் 2 வாட் என்று இருந்தது. ஐரோப்பாவில் இன்றும் அந்த அளவுதான்.

1.2 என்று போட்டிருக்கும் போனைவிட 0.8 போட்டிருக்கும் போன் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. போன் தன் முழு சக்தியில் இயங்கும்போது ஆய்வகத்தில் எடுத்த உச்ச அளவு அது. தினசரி பயன்பாட்டில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். சிக்னல் ஒரே ஒரு கட்டை காட்டும் இடத்தில்தான் போன் டவரை எட்ட அதிக சக்தியைச் செலவழிக்கும். அந்த நேரத்தில் நீண்ட பேச்சைத் தவிர்ப்பதும், இயர்போனிலோ ஸ்பீக்கரிலோ பேசுவதும் நல்லது.

இந்த எண் வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்கு 2023 செப்டம்பரில் பிரான்சில் நடந்தது சாட்சி. கை, கால் அருகே வைத்துப் பார்க்கும் சோதனையில் ஐபோன் 12-ல் 5.74 வாட் பதிவானதாக அந்நாட்டு அலைவரிசை அமைப்பு அறிவித்தது. அங்கே வரம்பு 4 வாட். விற்பனை நிறுத்தப்பட்டது. பிறகு ஆப்பிள் நிறுவனம் பிரான்சில் மென்பொருள் அப்டேட் கொடுத்தது.

செல்போன் அலை புற்றுநோய் தருமா என்ற கேள்விக்கு, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2011-ல் இதை 'வாய்ப்பு இருக்கலாம்' என்ற 2பி பிரிவில் வைத்தது. உறுதியாகத் தரும் என்ற பிரிவு அது இல்லை.

சூடு, பஞ்சு, சத்தம்: தறிக்கூடத்துக்கு என்ன சொல்லுது?

பாதுகாப்பு அறிவிப்பில் வெப்பநிலை பற்றி ஒரு வரி இருக்கும். பல கம்பெனிகள் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கின்றன. குமாரபாளையம், பவானி, ஈரோடு பக்கம் கோடையில் வெளியே இருக்கும் வெயிலே அதைத் தாண்டும். தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட தறிக்கூடத்தில் கேட்கவே வேண்டாம். அந்தச் சூட்டில் சார்ஜ் போட்டபடி வீடியோ பார்த்தால் பேட்டரி இன்னும் சூடாகும், ஆயுளும் குறையும். மதிய நேரத்தில் சார்ஜ் போடுவதைத் தவிர்த்து, காலையிலோ ராத்திரியிலோ போடுவது பேட்டரிக்கு நல்லது.

சார்ஜ் போடும் ஓட்டையில் தூசு சேரக் கூடாது என்பது இன்னொரு எச்சரிக்கை. தறியில் பறக்கும் பஞ்சு அந்த ஓட்டையில் அடைந்தால் பின் சரியாக உட்காராது. ஊசி, குண்டூசி போட்டு நோண்டாதீர்கள். போனை ஆஃப் செய்து, காய்ந்த மரக்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், இல்லையென்றால் கடையில் கொடுக்கலாம்.

மூன்றாவது சத்தம். தறி ஓடும் சத்தத்தை மீறிப் பாட்டு கேட்க இயர்போனில் முழு வால்யூம் வைப்பவர்கள் அதிகம். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் பாதுகாப்பான அளவு. தறிச் சத்தமும் இயர்போன் சத்தமும் சேர்ந்தால் காதுக்கு ரெட்டைச் சுமை.

பேட்டரி உப்பியிருந்தால் ஒரு நாள்கூடப் பயன்படுத்தாதீர்கள். அமுக்குவதும், ஓட்டை போடுவதும் தீப்பிடிக்க வைக்கும்.

வாரண்டி தரலைன்னா எங்க போகணும்?

வாரண்டி அட்டையில் எதற்கு வாரண்டி என்பதைவிட, எதற்கு இல்லை என்ற பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். 'தண்ணீர் தாங்கும்' என்று விளம்பரம் செய்த போனுக்கும், தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டி இல்லை என்று பொடி எழுத்தில் இருப்பது சகஜம். காவிரியில் குளிக்கும்போது செல்ஃபி எடுக்கும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள். வெளிக் கடையில் பிரித்துப் பார்த்தாலும் வாரண்டி போய்விடலாம்.

நியாயமான வாரண்டியை மறுத்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கினாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆன்லைனில் பெங்களூரு கம்பெனியிடம் வாங்கியிருந்தாலும் குமாரபாளையத்துக்காரர் நாமக்கல்லில் வழக்குத் தொடரலாம். பாலம் தாண்டி பவானியில் இருப்பவருக்கு ஈரோடு.

5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

'ஏற்றுக்கொள்கிறேன்' என்றால் எதை?

போனை முதலில் ஆன் செய்யும்போது வருவது பயன்பாட்டு விதிகளும் தனியுரிமை அறிவிப்பும். உங்கள் இருப்பிடம், தொடர்புகள், பயன்பாட்டு விவரம் எதை எடுப்போம் என்று அதில் இருக்கும். 2023-ம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இந்த அறிவிப்பை இங்கிலீஷிலோ அட்டவணை மொழிகள் எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழும் அதில் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

எல்லாவற்றையும் ஏற்றால்தான் போன் வேலை செய்யும் என்று இல்லை. விளம்பரத்துக்கான தரவு, 'அனுபவத்தை மேம்படுத்தும் திட்டம்' போன்றவை பெரும்பாலும் விருப்பத் தேர்வுதான். டிக் எடுத்துவிட்டுத் தொடரலாம்.

'ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்' என்று பக்கம் பக்கமாக ஓடும் பகுதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் லினக்ஸ் போன்ற பொதுவில் திறந்த மென்பொருட்களின் மேல் கட்டப்பட்டது. அவற்றை எழுதியவர்களின் உரிமத்தைச் சொல்ல வேண்டியது கம்பெனியின் கடமை. உங்களுக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை.

அடித்த குப்பைத் தொட்டி, அவசரப் பட்டன்

சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியின் மேல் குறுக்கே கோடு போட்ட படம் லேபிளில் இருக்கும். வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது என்று அர்த்தம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய போன்கள் முறையாக மறுசுழற்சி ஆவதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ எங்கே கொடுப்பது என்று கேட்கலாம். கொடுக்கும் முன் போனில் உள்ளதை எல்லாம் அழித்துவிடுங்கள்.

கடைசியாக, உயிர் காக்கும் ஒரு வசதி. 2017 முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் அவசர அழைப்புப் பட்டன் கட்டாயம். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்த வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை வேகமாக அழுத்துவது என்று விதி சொல்கிறது. உங்கள் போனில் எத்தனை முறை என்று செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். அழைப்பு 112-க்குப் போகும். ராத்திரி ஷிப்ட் முடித்து வருபவர்கள், ஹாஸ்டலில் இருக்கும் மாணவிகள், தனியாக இருக்கும் பெரியவர்கள் போனில் இதை இன்றே சரிபார்ப்பது நல்லது.

சுருக்கமா செய்ய வேண்டியவை

• *#06# போட்டு வரும் எண்ணும், பெட்டி, பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

• பழைய போன் என்றால் 14422-க்கு மெசேஜ் அனுப்பிய பிறகே காசு கொடுங்கள். பில் இல்லாவிட்டால், விற்பவரின் பெயர், அடையாள அட்டை நகல், ஐ.எம்.இ.ஐ எண், தேதி, கையெழுத்துடன் ஒரு தாள் எழுதி வாங்குங்கள்.

• எம்.ஆர்.பி-க்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

• சார்ஜரில் 'ஆர்' எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

• பெட்டியையும் பில்லையும் போட்டோ எடுத்து, வேறொரு போனிலும் வைத்திருங்கள். போன் இருக்கும் வரை பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்.